க்யூஆர் கோடு ஒட்டினால் கடை ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எழுத்துரு, இணையதள டெம்ப்ளேட், வேர்ட்பிரஸ் பிளகின், போட்டோ ப்ரீசெட், மின்னூல், பதிவு செய்த வகுப்பு என்று கோப்பை மட்டுமே சரக்காக வைத்து விற்பவர்கள் இன்று சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். அவர்களைக் குறிவைத்து யூடியூபிலும் டெலிகிராமிலும் ஒரு யோசனை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கிரிப்டோ நாணயம் வைக்கும் டிஜிட்டல் பணப்பையான வாலட்டின் முகவரியை க்யூஆர் கோடாக்கித் தளத்தில் ஒட்டு, வெளிநாட்டுக்காரர் கிரிப்டோ அனுப்புவார், கமிஷன் கிடையாது, வங்கி கிடையாது, வரியும் கிடையாது என்கிறார்கள். கமிஷன் பற்றிச் சொல்வது பாதி உண்மை. வங்கி பற்றிச் சொல்வது, பணத்தை ரூபாயாக்கும் நாள் வரைக்கும்தான் உண்மை. வரி பற்றிச் சொல்வது சுத்தப் பொய். இப்படிப்பட்ட தளங்களுக்குப் பணம் வாங்கும் ஏற்பாட்டை அமைத்துத் தருவதும் கணக்குப் பார்ப்பதும் எங்கள் தொழில். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

கார்டு நிறுவனமும் பேபாலும் எடுக்கும் சதவீதத்தைப் பார்த்து எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்தக் காசுக்கு அவர்கள் சில வேலைகள் பார்க்கிறார்கள். எந்தப் பணம் எந்த ஆர்டருக்கு வந்தது என்று பொருத்துவது, தேவைப்பட்டால் திருப்பிக் கொடுப்பது, டாலர் ரூபாய் மாற்றத்தைக் கவனிப்பது, வெளிநாட்டிலிருந்து முறையாக வந்த பணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கச் செய்வது எல்லாம் அதில் அடக்கம். கிரிப்டோவில் இடையில் ஆள் இல்லை. அவர் பார்த்த வேலை மட்டும் அப்படியே இருக்கிறது. பார்க்க வேண்டியவர் இனி நீங்கள்.

கிரிப்டோவைத் தேடிப் போக நியாயமான காரணமே இல்லை என்று சொல்லவில்லை. கோப்பு விற்பவருக்குப் பெரிய தலைவலி சார்ஜ்பேக், அதாவது வாங்கியவர் புகார் செய்து கட்டிய பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை தகராறு எழுப்பலாம். கூரியர் ரசீது இல்லாத சரக்கு என்பதால் "கிடைக்கவில்லை" என்று அவர் சொன்னால் மறுப்பது கடினம். கிரிப்டோவில் வந்த பணம் தானாகத் திரும்பிப் போகாது. சர்வதேசக் கார்டு கிடைக்காத நாடுகளில் இருக்கும் வாடிக்கையாளரும் உண்டு. ஆனால் உள்ளூர் வாடிக்கையாளருக்கு கிரிப்டோ எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. யுபிஐ இருக்கும் ஊரில் அதற்குத் தேவையே இல்லை. அதில் ஒரு வரிச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது, பின்னால் வருகிறோம்.

டிஜிட்டல் சரக்கை கிரிப்டோவுக்கு விற்றுப் பார்த்ததில் பெரிய உதாரணம் ஸ்டீம். கணினி விளையாட்டுகள் விற்கும் அந்தத் தளத்தில் வால்வ் நிறுவனம் 2016 ஏப்ரலில் பிட்காயின் வாங்கத் தொடங்கி, 2017 டிசம்பர் 6 அன்று நிறுத்திவிட்டது. தொடங்கியபோது ஒரு பரிவர்த்தனைக்கு 20 சென்ட் அளவில் இருந்த நெட்வொர்க் கட்டணம் (பிட்காயினை அனுப்புபவர் அதைப் பதியும் கணினி வலைக்குக் கட்டுவது) அந்த வாரம் 20 டாலரை நெருங்கியிருந்தது. கட்டணத்தைவிட மோசமான சிக்கல் இன்னொன்று. விளையாட்டின் விலைக்கு ஈடான பிட்காயின் அளவு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் செல்லும். அதற்குள் பரிவர்த்தனை முடியாமல் விலை மாறிவிட்டால், அதிகம் வந்ததைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குறைந்ததை மறுபடி கேட்க வேண்டும். எதைச் செய்தாலும் வாடிக்கையாளர் இன்னொரு முறை நெட்வொர்க் கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவு பெரிய நிறுவனமே இந்தச் சில்லறைக் கணக்கில் கை தூக்கியது. இணையக் கடைகளுக்குப் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனமும் 2014-இல் எடுத்துக்கொண்ட பிட்காயினை 2018-இல் கைவிட்டது. 2024-இல் அது திரும்பி வந்தபோது பிட்காயினோடு வரவில்லை. டாலர் மதிப்பிலேயே நிற்கும் யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயினோடு வந்தது.

20, 30 டாலர் சரக்குக்கு நாங்களும் ஸ்டேபிள்காயினைத்தான் சொல்வோம். அதுவும் கல்லில் செதுக்கிய டாலர் இல்லை. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது யுஎஸ்டிசி இரண்டு மூன்று நாள் ஒரு டாலருக்குக் கீழே, சுமார் 87 சென்ட் வரை இறங்கியது. இருந்தாலும் காலையில் ஒரு விலை மாலையில் ஒரு விலை என்ற பிட்காயின் ஆட்டம் இல்லை.

இனி நடைமுறை. வெளிநாட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் அனுப்ப விரும்புவது டெதர் நிறுவனத்தின் யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயின். அது ட்ரான், எத்தீரியம் என்று பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது; அவர்கள் விரும்புவது ட்ரான் நெட்வொர்க், டிஆர்சி-20 என்று அவர்கள் சொல்வது. ட்ரான் முகவரி ஆங்கில 'டி' எழுத்தில் தொடங்கி 34 எழுத்து இருக்கும். எத்தீரியம் வகை முகவரி சுழியமும் 'எக்ஸ்' எழுத்துமாகத் தொடங்கும். எந்த நெட்வொர்க் என்பதைத் தளத்தில் முகவரிக்கு மேலே, முகவரியைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள். எத்தீரியம் முகவரியைக் கொடுத்து, வாங்குபவர் பிஎன்பி செயின் என்ற வேறு நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டால், வாலட்டைத் திறக்கும் ரகசியச் சாவி உங்கள் கையில் இருக்கும்வரை மீட்டுவிடலாம், ஏனென்றால் இரண்டிலும் முகவரி ஒன்றுதான். அதே முகவரி எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோவை வாங்கி விற்கும் சந்தைத் தளம்) தந்த டெபாசிட் முகவரியாக இருந்தால், அவர்கள் மனம் வைத்தால்தான் உண்டு. அதனால் கடைக்கு எக்ஸ்சேஞ்ச் முகவரியைக் கொடுக்கவே கூடாது.

முதலில் முட்டும் இடம் குறைந்து வரும் பணம். சரக்கு விலை 20 யுஎஸ்டிடி. வாங்குபவர் தன் எக்ஸ்சேஞ்சில் 20 என்று அடித்து அனுப்புகிறார். அந்த எக்ஸ்சேஞ்ச் தன் கட்டணமாக 1 யுஎஸ்டிடியை அந்த 20-லிருந்தே கழித்துக்கொள்கிறது. உங்களுக்கு வருவது 19. நிரல் "தொகை பொருந்தவில்லை" என்று ஆர்டரைத் தொங்கவிடுகிறது. வாங்குபவரோ முழுப் பணமும் கட்டிவிட்டதாக நினைத்து மின்னஞ்சலில் சண்டைக்கு வருகிறார். "கட்டணம் போக எங்களுக்கு 20 வந்து சேர வேண்டும்" என்ற ஒரு வரியைக் கட்டணப் பக்கத்திலேயே போடுங்கள். 2 சதவீதம் வரை குறைந்தால் ஏற்றுக்கொள்ளும்படி நிரலை அமைத்து, அதற்கு மேல் குறைந்தால் மீதியைக் கேட்கும் மின்னஞ்சல் தானாகப் போகும்படி செய்யுங்கள்.

இரண்டாவது, பொருத்துவது. ஒரே முகவரிக்கு ஒரே மணி நேரத்தில் மூன்று பேர் 20 அனுப்பினால் யார் பணம் எது என்று தெரியாது. பலர் செய்யும் வழி, ஒவ்வொரு ஆர்டருக்கும் வால் ஒட்டுவது: ஒருவருக்கு 20.013, அடுத்தவருக்கு 20.027. அந்த எண்ணை 60 நிமிடம் அவருக்கே ஒதுக்கி வைத்து, பிறகு விடுவிக்கலாம். இதில் ஓட்டை, வாங்குபவர் வாலை விட்டுவிட்டு வெறும் 20 என்று அடிப்பது. ஆர்டருக்கு ஒரு புது முகவரி தருவதுதான் சுத்தமான வழி. ஆனால் ட்ரானில் அதற்கு விலை உண்டு. யுஎஸ்டிடியை வெளியே எடுக்க ஒவ்வொரு முகவரியிலும் கட்டணத்துக்காக ட்ரானின் சொந்த நாணயமான டிஆர்எக்ஸ் கொஞ்சமோ, வாடகைக்கு எடுத்த எனர்ஜியோ (ட்ரானில் வேலைச் செலவை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஏற்கெனவே யுஎஸ்டிடி வைத்திருக்கும் முகவரிக்கு அனுப்ப சுமார் 65,000 எனர்ஜி ஆகும். இதுவரை யுஎஸ்டிடியே பார்க்காத முகவரிக்கு அனுப்ப சுமார் 130,000. நூறு முகவரியில் 20, 20 ஆகச் சிதறிக் கிடப்பதைத் திரட்டும் செலவை விலை போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். டிஆர்எக்ஸும் எனர்ஜியும் இல்லாத வாலட்டில் 500 யுஎஸ்டிடி இருந்தாலும் ஒரு பைசாவை நகர்த்த முடியாது.

மூன்றாவது, போலி. நெட்வொர்க்கில் உருவாக்கும் நாணயமான டோக்கனுக்கு 'யுஎஸ்டிடி' என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம். வாலட் திரையில் அது அசல் போலவே தெரியும். நிரல் பார்க்க வேண்டியது டோக்கன் பெயரை அல்ல, டெதர் நிறுவனம் தன் தளத்தில் அறிவித்திருக்கும் கான்ட்ராக்ட் முகவரியை, அதாவது அந்த டோக்கனை இயக்கும் நிரலின் முகவரியை. அதோடு தசமப் புள்ளி. ட்ரானிலும் எத்தீரியத்திலும் யுஎஸ்டிடிக்கு 6 தசம இடம். பிஎன்பி செயினில் 18. செயினில், அதாவது நெட்வொர்க்கின் பொதுப் பதிவேட்டில், பதிவாகும் எண்ணில் புள்ளி இருக்காது. 20 யுஎஸ்டிடி ட்ரானில் 20000000 என்று இருக்கும். ட்ரானுக்கு எழுதிய நிரலை அப்படியே நகலெடுத்து பிஎன்பி செயினுக்கு ஓட்டினால், ஒருவர் 0.00000000002 யுஎஸ்டிடி அனுப்பினாலும் அதை 20 என்று படித்துச் சரக்கைக் கொடுத்துவிடும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், கணக்கு முடிக்கும்போது சிரிப்பு வராது. வாட்ஸ்அப்பில் வரும் "பணம் போய்விட்டது" ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ட்ரானில் 3 விநாடிக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளைத் தொகுத்துப் பதிவேட்டில் சேர்க்கும் பக்கம்). 19 பிளாக் தாண்டினால், அதாவது ஏறக்குறைய ஒரு நிமிடத்தில், பணம் உறுதி. பிட்காயினில் சராசரி 10 நிமிடத்துக்கு ஒரு பிளாக். அதற்கு முன் 'வந்துகொண்டிருக்கிறது' என்று காட்டுவதை நம்பி முன்பெல்லாம் சிலர் சின்னத் தொகைக்குச் சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். பிட்காயின் நெட்வொர்க்கை ஓட்டும் முக்கிய மென்பொருளான பிட்காயின் கோரின், 2024 அக்டோபரில் வெளியான 28-ஆம் பதிப்பிலிருந்து, உறுதியாகாத எந்தப் பரிவர்த்தனையையும் அதிகக் கட்டணம் வைத்து மாற்றி எழுத நெட்வொர்க் இயல்பாகவே அனுமதிக்கிறது. அனுப்பியவரே அந்தப் பணத்தைத் தன் இன்னொரு முகவரிக்குத் திருப்பிவிடலாம். ஆகவே சரக்கின் தன்மையைப் பார்த்து முடிவெடுங்கள். பிறகு ரத்து செய்ய முடிகிற லைசென்ஸ் கீ என்றால் உடனே கொடுத்துவிட்டு, பணம் உறுதியாகாவிட்டால் முடக்கலாம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் திரும்ப வாங்க முடியாத எழுத்துருவோ மின்னூலோ என்றால் ஒரு கன்ஃபர்மேஷனாவது (பணம் பிளாக்கில் ஏறியதற்கான உறுதி) வரட்டும். சில நூறு டாலர் தொகைக்கு ஆறு.

பிட்காயின் வேண்டும் என்பவர்களுக்கு பிடிசிபே சர்வர் என்ற இலவச மென்பொருள் உண்டு. 2 ஜிபி ரேம், 80 ஜிபி இடம் உள்ள வாடகை சர்வரில், பழைய பிளாக்குகளை வெட்டிவிடும் முறையில் ஓட்டலாம். முழுச் செயினையும் வைத்துக்கொள்ள நினைத்தால் அது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. முதல்முறை செயினைச் சரிபார்த்து முடிக்கவே சில நாள் ஆகும்; விளம்பரம் கொடுத்த பிறகு நிறுவ உட்காராதீர்கள். இதில் நல்ல அம்சம், சர்வரிடம் சாவி இருக்க வேண்டியதில்லை. சாவியைத் தனிக் கருவியில் வைத்திருக்கும் ஹார்டுவேர் வாலட்டிலிருந்து 'எக்ஸ்பப்' என்ற பொதுச் சாவியை மட்டும் கொடுத்தால், ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் புது முகவரியை அதுவே உண்டாக்கும். சர்வருக்குள் திருடன் நுழைந்தாலும் இருக்கும் பணத்தை எடுக்க முடியாது. ஆனால் எக்ஸ்பப்பை மாற்றித் தன்னுடையதை வைத்துவிட முடியும். அதற்குப் பிறகு வரும் பணமெல்லாம் அவனுக்கு. வாரம் ஒருமுறை ஒரு சோதனை இன்வாய்ஸ் போட்டு, அதில் வரும் முகவரி உங்கள் ஹார்டுவேர் வாலட் திரையில் காட்டும் முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

இதில் இன்னொரு பொறி. வாலட் மென்பொருள்கள் வழக்கமாக, தொடர்ந்து 20 முகவரி காலியாக இருந்தால் அதற்கு மேல் தேடாது. கூடையில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்கள் அதிகம் என்பதால், கட்டாத 20 இன்வாய்ஸ் தாண்டி 21-ஆவது ஆள் கட்டிய பணம் சர்வரில் தெரியும், உங்கள் வாலட்டில் தெரியாது. பணம் தொலையவில்லை. வாலட் அமைப்பில் அந்த வரம்பை 20-லிருந்து 200 என்று உயர்த்தினால் தெரிந்துவிடும். இது தெரியாமல் பதறி, 'வாலட் மீட்பு உதவி' என்று டெலிகிராமில் வருபவனிடம் வாலட்டையே திறந்துவிடும் 12 வார்த்தை ரகசியச் சொற்றொடரைக் கொடுத்தால் அப்போதுதான் பணம் நிஜமாகவே தொலையும்.

சின்ன விலைக்குப் பிட்காயின் ஏன் ஒத்துவராது என்பதை ஒரே கணக்கில் பார்க்கலாம். ஒரு பிட்காயின் 1 லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால் 5 டாலர் சரக்குக்கு வருவது 5,000 சடோஷி (பிட்காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு). அப்படி வந்த ஒவ்வொரு துண்டையும் பிறகு செலவழிக்கும்போது, இன்றைய சிக்கன வகை முகவரியிலும் பிளாக்கில் சுமார் 68 வீபைட் (இடத்தை அளக்கும் அலகு) பிடிக்கும். நெரிசல் நாளில் வீபைட்டுக்கு 50 சடோஷி கேட்டால் 3,400 சடோஷி கட்டணத்துக்கே போய்விடும். 5 டாலரில் மிஞ்சுவது 1.60. கட்டணம் குறைவாக இருக்கும் நாள் பார்த்து எல்லாத் துண்டையும் ஒன்றாக்கி வைப்பது வழக்கம். ஒவ்வொரு பணத்தையும் பிளாக்கில் ஏற்றாமல் பிட்காயினைக் கைமாற்றும் லைட்னிங் வழியில் இந்தச் செலவு இல்லை. ஆனால் பணம் உள்ளே வர முன்கூட்டியே அதற்கான பாதையான சேனலில் இடம் வாங்கி வைக்க வேண்டும். தனி ஆளாகக் கடை நடத்துபவருக்கு அந்தப் பராமரிப்பு அதிகம்.

சரக்கைக் கொடுக்கும் இடத்தில் ஒரே விதி: வாங்குபவரின் பிரவுசர் 'நன்றி' பக்கத்துக்கு வந்துவிட்டது என்பதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. அந்தப் பக்கத்தின் முகவரியை யார் வேண்டுமானாலும் நேரடியாக அடிக்கலாம். பணம் வந்ததும் பிடிசிபே உங்கள் தளத்துக்குத் தானாக அனுப்பும் தகவலான வெப்ஹூக்கில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். அதைச் சரிபார்த்து, பிறகு சர்வரிடம் இன்வாய்ஸ் நிலையைத் திரும்பக் கேட்டு, 'செட்டில்டு' (பணம் உறுதி) என்றால் மட்டும் இறக்கும் இணைப்பை அனுப்புங்கள். ஒரே வெப்ஹூக் இரண்டு முறை வரலாம். ஆர்டர் எண்ணை வைத்து முதல் முறைக்கு மட்டும் லைசென்ஸ் கீ உண்டாகும்படி செய்யுங்கள். இணைப்பு 24 மணி நேரமும் ஐந்து முறையும் வேலை செய்தால் போதும்.

பணம் திருப்பித் தருவதில் பலர் செய்யும் தவறு, எந்த முகவரியிலிருந்து வந்ததோ அதற்கே அனுப்பிவிடுவது. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த பணம் என்றால் அது எல்லா வாடிக்கையாளருக்கும் பொதுவான முகவரி. திருப்பி அனுப்பியது உங்கள் ஆளுக்குப் போய்ச் சேராது. ஆர்டர் போட்ட அதே மின்னஞ்சலிலிருந்து திருப்ப வேண்டிய முகவரியை எழுதி வாங்குங்கள். முகவரியைப் பரிவர்த்தனை வரலாற்றிலிருந்து நகலெடுக்காதீர்கள். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பி வரலாற்றில் நுழைந்து காத்திருப்பது ஒரு திருட்டு வகை. 2024 மே மாதம் இப்படி ஒருவர் 1,155 ராப்டு பிட்காயினை (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் வடிவம்) தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார்; அன்றைய மதிப்பு 6 கோடி டாலருக்கு மேல். அவருக்கு அது பின்னர் பெரும்பாலும் திரும்பி வந்தது, அதை வழக்கமாக எண்ண வேண்டாம். திருப்பித் தருவது டாலர் மதிப்பிலா, நாணய எண்ணிக்கையிலா என்பதையும் விற்பனை விதிகளில் முன்பே எழுதிவிடுங்கள். டாலர் மதிப்பு என்று எழுதுவதே நல்லது.

இப்போது வரி. யூடியூப் ஆசான்கள் வாய் திறக்காத இடம் என்பதால் இதற்குத்தான் அதிக இடம் வேண்டும்.

கிரிப்டோவில் விற்றால் வரி இரண்டு அடுக்கு. கோப்பை விற்ற வருமானம் தொழில் வருமானம். நாணயம் வந்த நாளின் ரூபாய் மதிப்பில் அது உங்கள் கணக்கில் ஏற வேண்டும். பிறகு அந்த நாணயத்தை ரூபாயாக்கும்போது, இடையில் ஏறிய மதிப்புக்கு 2022 நிதிச் சட்டம் சேர்த்த 115பிபிஎச் பிரிவின்படி 30 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும். கணக்குக்காக 20 யுஎஸ்டிடி வந்த நாளில் ஒன்று 85 ரூபாய் என்று வையுங்கள். தொழில் வருமானம் 1,700. இரண்டு மாதம் கழித்து 87 ரூபாய்க்கு விற்றால் 1,740. ஆதாயம் 40, வரி 12 ரூபாய் 48 காசு. 83-க்கு விற்றால் 40 ரூபாய் நஷ்டம். அந்த நஷ்டத்தை எந்த வருமானத்திலும் கழிக்க முடியாது, அடுத்த நாணயத்தின் ஆதாயத்தில்கூட. அடுத்த ஆண்டுக்கும் எடுத்துச் செல்ல முடியாது. நெட்வொர்க் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம் எதையும் இந்த ஆதாயத்திலிருந்து கழிக்க அனுமதி இல்லை. வாங்கிய விலை மட்டும்தான். எனவே 'விலை ஏறட்டும்' என்று வைத்திருப்பது விற்பனையாளருக்கு வேலை இல்லை. வந்ததை அந்த வாரமே ரூபாயாக்கினால் இரண்டாவது அடுக்கு ஏறக்குறைய காணாமல் போய்விடும். (2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025-இல் பிரிவு எண்கள் வேறு. பழைய எண்ணைச் சொன்னாலும் ஆடிட்டருக்குப் புரியும்.)

உள்ளூர் வாடிக்கையாளரிடம் ஒளிந்திருக்கும் சிக்கல் என்று சொன்னது இதுதான். இந்தியாவில் வசிப்பவர் கிரிப்டோ கொடுத்து உங்கள் கோப்பை வாங்கினால், சட்டத்தின் பார்வையில் அவர் தன் கிரிப்டோவை உங்களுக்கு விற்கிறார், விலையாக நீங்கள் கோப்பைக் கொடுக்கிறீர்கள். 194எஸ் பிரிவின்படி 1 சதவீத டிடிஎஸ் (விலை கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வரி) கட்டப்பட்டதை உறுதி செய்ய வேண்டியவர் அப்போது நீங்கள். ஆண்டு விற்றுமுதல் 1 கோடிக்குள் இருக்கும் தனிநபர் தொழில்காரருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை விலக்கு. மற்றவருக்கு 10,000 வரை மட்டும். கடை நடத்துகிறவர் தன் வாடிக்கையாளரிடம் பான் எண் கேட்டு டிடிஎஸ் கட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். யுபிஐ க்யூஆர் போதும் என்றது அதனால்தான்.

ஜிஎஸ்டி பதிவு எடுத்தவர்களுக்கு இதைவிடக் கனமான விஷயம் ஒன்று இருக்கிறது. சேவை ஏற்றுமதிக்கு வரி இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐஜிஎஸ்டி சட்டம் 2(6) பிரிவு ஏற்றுமதி என்று எதைச் சொல்கிறது என்று படித்தவர் குறைவு. அதில் உள்ள நிபந்தனைகளில் ஒன்று, பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியாகவோ, ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில் ரூபாயாகவோ வர வேண்டும் என்பது. யுஎஸ்டிடி பெயரில் டாலர் இருந்தாலும் அது டாலர் அல்ல. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கிரிப்டோவைச் சொத்து என்று சொன்னது. சொத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று வைத்திருப்பவர்கள் மகிழ்ந்தார்கள். விற்பனையாளர் அதே தீர்ப்பை மறுபக்கமிருந்தும் படிக்க வேண்டும்: சொத்து என்றால் நாணயம் இல்லை. நிபந்தனை நிறைவேறாவிட்டால் ஏற்றுமதி என்ற தகுதி போய், 18 சதவீத வரி உங்கள் கையிலிருந்து போகும். 1,700 ரூபாய்க்குள் வரி அடங்கியதாகக் கணக்கிட்டால் சுமார் 259 ரூபாய். கார்டு கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய் அதைப்போல் மூன்று மடங்கு கொடுப்பது எந்த ஊர் வியாபாரம்? ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவே எடுக்காதவருக்கு இந்த அடி இல்லை. ஆனால் ஏற்றுமதி வருமானம் அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாக வர வேண்டும் என்ற அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதி அளவு பார்ப்பதில்லை. ஆடிட்டரிடம் இந்த இரண்டையும் வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

பதிவு எடுத்தவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி, வாங்குபவர் கிரிப்டோவில் கட்ட, உங்களுக்கு டாலராக வங்கிக்கு அனுப்பும் இடைச் சேவை. கமிஷன் உண்டு. ஆனால் நீங்கள் கிரிப்டோவைத் தொடவே இல்லை. 30 சதவீதப் பிரிவும் 194எஸ்ஸும் உங்களைத் தொடாது, வங்கி அந்நியச் செலாவணி வரவுச் சான்றும் தரும். அந்தச் சேவை இந்திய விற்பனையாளரை ஏற்கிறதா, வங்கிக்கு நேராக அனுப்புகிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுதிக் கேளுங்கள். 'யுஎஸ்டிடியாகத்தான் தருவோம்' என்றால் அது உங்களுக்கானது இல்லை.

நேரடியாக வாங்குபவர்கள் ரூபாயாக்கும் நாளில் இன்னொரு பள்ளம். கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கிறது என்று டெலிகிராமிலோ, பி2பி என்ற ஆளுக்கு ஆள் விற்கும் சந்தையிலோ முகம் தெரியாதவருக்கு விற்கிறார்கள். வாங்குபவர் யுபிஐயில் அனுப்பும் பணம் யாரோ ஒருவரிடம் இணைய மோசடியில் பிடுங்கியதாக இருந்தால், ஏமாந்தவர் இணைய மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் போன வழியில் உள்ள கணக்குகள் வரிசையாக முடக்கப்படும். அதில் உங்கள் கணக்கும் ஒன்று. புகார் பதிவானது வேறு மாநிலமாக இருக்கும். விசாரணை அதிகாரிக்கு ஆவணங்களை அனுப்பி, தடையின்மைச் சான்று வாங்கி வங்கியில் கொடுக்கும்வரை சம்பளமும் வாடகையும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்சின் சந்தையில் விற்று, அங்கிருந்து உங்கள் பெயரிலுள்ள கணக்குக்கு எடுத்தால் இந்த ஆபத்து வெகுவாகக் குறையும். 1 சதவீத டிடிஎஸ்ஸை அவர்களே பிடித்துக் கட்டுவார்கள், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் தெரியும். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. விற்றதும் எடுத்துவிடுங்கள், எக்ஸ்சேஞ்சைப் பெட்டகம் ஆக்காதீர்கள். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. அங்கே கிரிப்டோ வைத்திருந்தவர்கள் அதை எடுக்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஒரு நாள் 'இந்த நாணயம் எங்கிருந்து வந்தது' என்று கேட்கும். வருமான வரிப் படிவத்தில் கிரிப்டோ போன்ற சொத்துக்கான விடிஏ அட்டவணையும் வந்த தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என்று வரிசையாகக் கேட்கும். இரண்டுக்கும் ஒரே நோட்டு போதும், ஆனால் அதை ஆர்டர் வரும் அன்றே எழுத வேண்டும்: ஆர்டர் எண், இந்திய நேரத்தில் நாளும் மணியும், பரிவர்த்தனை ஹாஷ் (அதன் அடையாள எண்), நாணயமும் நெட்வொர்க்கும், வந்த அளவு, அன்றைய ரூபாய் விலை, அதை எங்கே பார்த்து எடுத்தீர்கள், வாங்குபவரின் நாடு, இன்வாய்ஸ் எண். மார்ச் மாதம் உட்கார்ந்து பழைய நாளின் விலையைத் தேடினால் தளத்துக்குத் தளம் வேறு எண் வரும். ஏதாவது ஒரு தளத்தைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

தளத்தைத் திறக்கும் முன், 2 டாலர் விலையில் ஒரு சோதனைச் சரக்கு வைத்து ஐந்து ஆர்டர் போடுங்கள். ஒன்று சரியான தொகை. ஒன்று 50 சென்ட் குறைவு. ஒன்று நேரம் முடிந்து பத்து நிமிடம் கழித்துக் கட்டியது. ஒன்று எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியது. எக்ஸ்சேஞ்சின் குறைந்தபட்சத் தொகை 2 டாலருக்கு மேல் இருந்தால் இதற்கு மட்டும் விலையை ஏற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக, கட்டாமலே 'நன்றி' பக்கத்தின் முகவரியை நேரடியாக அடித்துப் பார்த்தது. ஐந்தாவதற்கு இறக்கும் இணைப்பு வந்தால் கடையைத் திறக்க வேண்டாம். மற்ற நான்கில் ஒவ்வொன்றுக்கும் என்ன மின்னஞ்சல் போகிறது என்று வாங்குபவராக இருந்து படித்துப் பார்த்துவிட்டு, அந்த ஐந்தையும் நோட்டில் முதல் ஐந்து வரியாக எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
இணைய விற்பனைத் தளங்கள் அமைப்போரும் கணக்காளர்களும் சிலர்,
கோயம்புத்தூர்.